பனியில் ஊறப்போட்ட ஜீப்

சேலத்தில் கார் பாலிஷ் கடை நடத்தும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு உட்கார்ந்துவிட்ட என்னையும் மரியாதைக்காக அதில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பிள்ளை அதில் படம் ஒன்று போட்டது. கருப்புக் கார், பானெட் முழுக்க அம்மை வார்த்த மாதிரி வெள்ளை வட்டங்கள். "போர் தண்ணிக் கறைங்க. எந்த பாட்டில் வாங்கலாம்?" என்று கேள்வி. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆளுக்கொரு பாட்டில் பெயர் வந்து விழுந்தது. நான் மட்டும், "வண்டி எங்க நிக்குது சாமி? வெயில்லயா, நிழல்லயா?" என்று கேட்டேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளையே தனியாகக் கூப்பிட்டு, "கறைக்கும் நிழலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றது.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேலையில் இருந்தவரை வாயை மூடிக்கொண்டு தேய்த்த ஆள் நான். இப்போது கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

நான் தொழில் பழகிய கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சேலத்தில் ஒரு பெயின்ட் ஷெட்டில் சேர்ந்தேன். உப்புத்தாள் தேய்த்தே கைரேகை அழிந்தது. ஸ்ப்ரே கன் பிடித்தேன், நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் பெயின்ட் வாடையே ஆகாது என்றார். பாலிஷ் பக்கம் மாறினேன். மெஷின் பிடிக்கிற ஆள் என்று பெயர் வந்தது. மெஷின் கையில் இருந்தால் எந்தக் கறையும் எனக்கு முன்னால் நிற்காது என்று ஒரு திமிரும் கூடவே வந்தது.

கறை என்று சொன்னேனே, அது என்ன கறை என்று சொல்ல வேண்டும். சேலம் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற பூமி. அங்கே பல இடங்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படை கட்டும், ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டும். அந்தத் தண்ணீரில் காரைக் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டால், தண்ணீர் காற்றில் போய்விடும், அதில் இருந்த உப்பும் சுண்ணாம்பும் வண்டியிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு சொட்டும் தன் ஓரத்தில் ஒரு வெள்ளை வளையத்தை வைத்துவிட்டுப் போகும். முதல் நாள் அது மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே இன்னும் தண்ணீரும் வெயிலும் பட்டுக்கொண்டிருந்தால் பெயின்டைத் தின்று உள்ளே இறங்கிவிடும்.

நம் ஜனங்கள் இதற்குச் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. குத்துவிளக்கு துலக்குகிற புளியை எடுத்துக்கொண்டு வந்து காரில் தேய்ப்பார்கள். போதாததற்குச் சாம்பலையும் சேர்ப்பார்கள். பித்தளைக்கு அது மருந்து. பெயின்டுக்கு அது வெட்டுக் காயம். கறை பாதி போகும், மீதி இடத்தில் ஆயிரம் கீறல் விழும், அதற்கப்புறம்தான் கடைக்கு ஓட்டிவருவார்கள்.

எங்கள் பாலிஷ் கடை முதலாளி ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ஷெட் பிடித்து, மேலே வருகிற டூரிஸ்ட் வண்டிகளுக்கென்று ஒரு கிளை திறந்தார். என்னை அங்கே அனுப்பினார். நான்தான் இன்சார்ஜ் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிப் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் இன்சார்ஜாக உட்கார்ந்திருந்தார். சுந்தரம். என்னைவிட வயதில் சின்னவர். எனக்கு வயிறு எரிந்தது. "வாங்கண்ணா, உங்களப் பத்தி நொம்பச் சொல்லியிருக்காங்க" என்று எழுந்து நின்று கூப்பிட்டார். அண்ணா என்று கூப்பிடுகிற மேலதிகாரியிடம் கோபித்துக்கொள்வதும் கஷ்டமாக இருந்தது. நான் பதிலுக்கு அவரை சார் என்றேன். கடைசி வரைக்கும் அவர் எனக்கு சார், நான் அவருக்கு அண்ணா.

அவருடைய நடைமுறையே வேறு. முதல் நாளே பார்த்தேன், சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார். பித்தான் பட்டால் பெயின்டில் கோடு விழும் என்று அப்படி. பெல்ட் கிடையாது, மோதிரம் கிடையாது, வாட்ச் கிடையாது. கடைத்தெருவில் டீ குடிக்கவும் அப்படியேதான் போவார். பாவம், அவசரத்தில் கிளம்பி வந்துவிட்டார் போல என்று பேக்கரிக்காரர் என் காதில் கிசுகிசுத்தார்.

வண்டி உள்ளே வந்தால் அவர் உடனே தொடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். அப்புறம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சாய்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு சாதா பாலிதீன் பை ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு பெயின்டை மெல்லத் தடவுவார். வெறும் விரலுக்குத் தெரியாதது பைக்குள் இருக்கிற விரலுக்குத் தெரியும். கறை மேலே இருக்கிறதென்றால் ரவை மாதிரி நெருடும். உள்ளே இறங்கிவிட்டதென்றால் நெருடாது, ஆனால் கண்ணுக்குக் குழி தெரியும். இதெல்லாம் எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நான் பார்க்கும்போதே கை மெஷினுக்குப் போய்விடும். அவர் பார்க்கும்போது பார்ப்பது மட்டும்தான்.

அவருடைய மருந்து வெறும் வினிகர். அதில் மழைத்தண்ணீர் கலந்து, பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் கறை மேல் போர்த்திவிடுவார். அவ்வளவுதான். தேய்ப்பது இல்லை. கொஞ்ச நேரம் ஊறியதும் எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒற்றி எடுப்பார். போகவில்லையென்றால் மறுபடியும் துணி. "இதை நாங்க சேலத்துல பண்ணிப் பாத்தாச்சுங்க சார். துணி காய்ஞ்சுருது, காய்ஞ்சா வினிகரே கறை வெக்குது" என்றேன். "அதுக்குத்தானுங்கண்ணா மேல வந்துருக்கோம்" என்று சொல்லி வெளியே கையைக் காட்டினார். ஏரிப் பக்கம் இருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது.

ஷெட்டின் முன்பக்கக் கதவை அவர் ஏன் எப்போதும் திறந்தே வைக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பனி உள்ளே வந்து துணியைக் காயவிடாமல் வைத்துக்கொள்ளும். கீழே நாங்கள் ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் தெளித்துத் தெளித்துத் தோற்ற வேலையை இங்கே மலை சும்மா நின்று செய்துகொண்டிருந்தது. சேலத்துக் கறையை எடுக்கச் சேலத்து வண்டி ஏன் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரவேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இருந்தாலும் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மனதுக்குள் மெஷின்தான் ராஜா என்றே இருந்தேன். பொன்னையனின் ஜீப் வந்ததுதான் என்னை உலுக்கியது.

பொன்னையனுக்கு மஞ்சக்குட்டையைத் தாண்டி ஒரு சின்ன மலையூர். மலைக்காரர். அடிவாரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மேலேயும் கீழேயும் ஷேர் ஜீப் ஓட்டினார். கரும்பச்சை நிறத்தில் பழைய ஜீப். மனைவி சரசு சேலத்துப் பெண், இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். ஊரில் பொன்னையனோடு எல்லாரும் பேசுவார்கள், பழகுவார்கள். சரசுவை மட்டும் திருவிழாவில் தள்ளித்தான் நிற்கவைப்பார்கள். திட்டுவது, துரத்துவது எல்லாம் கிடையாது. மாவிளக்கு எடுக்கும் பெண்கள் வரிசையில் அவளுக்கு இடம் விடமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வருஷா வருஷம் அவள் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

அந்த ஊர்ச் சாமி முன்பெல்லாம் தோளில் ஊர்வலம் போனது. ரோடு போட்ட பிறகு ஜீப்பில் போகிறது. ஜீப் வைத்திருக்கிற குடும்பங்கள் முறை வைத்துச் சாமியை ஏற்றுவார்கள். சாமி ஏறுவதற்கு முன்னால் வண்டிக்கார வீட்டுப் பெண், ஊர்ச் சுனையில் எடுத்த தண்ணீரை ஒரு சொம்பு வண்டி மேல் ஊற்ற வேண்டும். அதைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு பானெட்டுக்கு முன்னால் ஒரு விளக்கைப் பிடிப்பார்கள். சுடர் பானெட்டில் சிதறாமல் தெரிந்தால் சாமி ஏறும். தெரியாவிட்டால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் முதல் தடவையாகப் பொன்னையனுக்கு முறை வந்திருந்தது. அதாவது, சொம்பு சரசு கைக்கு வரவேண்டிய வருஷம்.

ஜீப்பை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பானெட்டில் கரும்பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வளையத்தின் மேல் வளையம், அதன் மேல் இன்னொரு வளையம். நடுநடுவே சாம்பல் போட்டுத் தேய்த்த கீறல்.

"ஏனுங்க சார், இதப் போக்க முடியுமுங்களா? வெள்ளிக்கிழமை நோம்பிங்க, சாமி ஏறோணும். ஒரு வாரங்கூட இல்லீங்க" என்றார் பொன்னையன்.

சுந்தரம் சார் சுற்றி வந்து, உட்கார்ந்து பார்த்து, பையை மாட்டித் தடவினார். "தினமும் தண்ணி பட்டுருக்கு, தினமும் வெயில்ல காஞ்சுருக்கு. கழுவுறது யாருங்க?"

பொன்னையன் வாயைத் திறப்பதற்குள் சரசு முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க. முறை வந்துருக்குன்னு சொன்ன நாள்ல இருந்து காலையில குளிச்சுட்டு ஒரு சொம்பு ஊத்துவனுங்க. இவங்க ஊர்ல துணி போட்டுத் தொடைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அதனால தொடைக்கலீங்க."

"எந்தத் தண்ணீங்க அம்மணி?"

"எங்கூட்டு போர் தண்ணிதானுங்க." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். மலைக்காரர்கள் சுனைத் தண்ணீரில் செய்கிற காரியத்தை, மலைக்காரர்கள் மெச்ச வேண்டும் என்பதற்காக, கீழே இருந்து இவள் உப்புத் தண்ணீரில் செய்திருக்கிறாள். அதுவும் நாள் தவறாமல், வேண்டிக்கொண்டு.

"அப்புறம் புளியும் சாம்பலும்?" என்றார் சார்.

"அது அவருங்க" என்று சரசு புருஷனைக் காட்டினாள். பொன்னையன் ஷெட்டின் கூரையில் ஏதோ இருப்பது போல அண்ணாந்து பார்த்தார்.

நானாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சுந்தரம் சார், "சாமிக்குன்னு ஊத்துன தண்ணீங்க. அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, மெதுவாத்தான் எடுக்கோணும்" என்றார். அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

நான் மெஷினை எடுத்துவந்தேன். அவர் தடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து ஓரத்தில் ஒரு தேய் தேய்த்துக் காட்டினார். துணியில் பச்சை ஒட்டியது. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத பழைய பெயின்ட். தேய்த்தால் நிறமே கையோடு வரும். பானெட்டின் மேட்டுப் பகுதியில் அடிப்பூச்சின் சிவப்பு ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மெஷின் வெச்சா கறையும் போயிரும், வண்டிக் கலரும் போயிருமுங்கண்ணா."

"புதுசா பெயின்ட் அடிச்சுட்டா?"

"காயறதுக்குள்ள நோம்பி முடிஞ்சுரும்."

ஆக, துணிதான். துணிக்குப் பனி வேண்டும். அந்த வாரம் பார்த்து மலையில் பனியே இல்லை. வைகாசி வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே இருந்து சூட்டுக்குப் பயந்து ஏறி வந்த ஜனங்கள் ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, இங்கேயும் இப்படிக் கொளுத்துகிறதே என்று அலுத்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் மட்டும் துணி போட்டுப் பார்த்தோம். ஓரம் காய்ந்து புதிதாக ஒரு வளையம் விழுந்தது. சார் உடனே துணியை எடுத்துக் கழுவிவிட்டு, ஜீப்பின் மேல் ஒரு படுதாவைப் போர்த்தினார். "காத்திருக்கலாமுங்கண்ணா."

காத்திருப்பது எனக்கு வராத வித்தை. வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். வானத்தைப் பார்த்துத் திட்டினேன். வேறு வண்டிகளை வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்தேன். சரசு தினமும் முதல் பஸ்ஸில் மேலே வந்து ஷெட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை அவர்களுடைய ஊர்ப் பெரியவர் சந்தைக்கு வந்தவர் ஷெட்டுக்குள் நுழைந்தார். படுதாவைத் தூக்கிப் பார்த்தார்.

"பொன்னையா, இந்த மூஞ்சியில வெளக்கு எப்பிடிடா தெரியும்? அடுத்த வண்டிக்காரனுக்குச் சொல்லி வெக்கட்டுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க பெரியப்பா."

பெரியவர் சரசுவைப் பார்க்காமலேயே சொன்னார். "எனக்கொண்ணும் இல்லப்பா. சாமி வண்டி ஏறலைன்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. நடக்கப் போவதைச் சொன்னார். கீழ்நாட்டுப் பெண் கை பட்டதால்தான் சாமி ஏறவில்லை என்று பேசுவார்கள். ஒரு தடவை அப்படிப் பேச்சு வந்துவிட்டால் அதைத் துடைக்க எந்தத் துணியும் கிடையாது. சரசு எழுந்து வெளியே போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் சேர்வராயன் மலை உச்சிப் பக்கம் கறுத்தது. இடி இடித்தது. ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது. எங்கள் மழைத் தொட்டி நிறைந்து வழிந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது வாசலுக்கு எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களைக் காணவில்லை. ரோட்டைக் காணவில்லை. வெள்ளையாக, கனமாக, சத்தமே இல்லாமல் பனி நின்றுகொண்டிருந்தது. சுந்தரம் சார் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். "வாங்க" என்றார். எங்களைச் சொன்னாரா, பனியைச் சொன்னாரா, தெரியாது. அது உள்ளே வந்தது.

வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, நனைத்து, பானெட் முழுக்கப் போர்த்தினோம். சுருக்கம் விழாமல், காற்று உள்ளே நிற்காமல், விரல் நுனியால் நீவி நீவி. அப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தெளிக்க வேண்டிய வேலைகூட இல்லை. பனி துணியில் படிந்து படிந்து தானே நனைத்துக்கொண்டது. அரை மணிக்கொரு தரம் சார் கையைக் காட்டுவார். துணியை எடுப்போம், தொட்டித் தண்ணீர் விட்டுக் கழுவுவோம், மறுபடி போர்த்துவோம். சரசு தானாகவே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. சாரைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள்.

முதல் தடவை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. அப்புறம் ஒரு தடவை எடுத்தபோது வளையங்களின் ஓரம் மங்கியிருந்தது. மத்தியானத்துக்குப் பக்கத்தில் ஒரு துணியை எடுத்துக் கழுவினால், ஒரு கை அகலத்துக்கு வெள்ளை கரைந்து, பால் மாதிரி, பானெட்டிலிருந்து வழிந்து இறங்கியது. தேய்க்கவில்லை. சுரண்டவில்லை. யாரும் தொடக்கூட இல்லை. வருஷக்கணக்காக மெஷினைப் பிடித்துக்கொண்டு நான் கறையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நிற்கிற பனிக்கு மனது வைத்து இடம் கொடுத்தால் போதும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தாலும் நான் எங்கே கேட்டிருக்கப் போகிறேன்?

சாயங்காலம் பானெட்டில் சில குழிகள் மட்டும் மிஞ்சின. சார் தன் சுண்டுவிரலில் ரொம்ப மென்மையான பாலிஷைத் தொட்டு, ஒவ்வொரு குழியாக, பொட்டு வைப்பது போல வைத்து எடுத்தார். பச்சை ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு தரமும் விரலைப் பார்த்தார். ஒட்டுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தினார். பக்கவாட்டுக் கதவுகளில் கறை அப்படியே இருந்தது. "அது?" என்றேன். "பானெட்டு போதுமுங்கண்ணா. மத்ததெல்லாம் மனுசங்க பாக்கற எடந்தானுங்க" என்றார்.

பொன்னையன் பானெட்டைக் குனிந்து பார்த்தார். அதில் தன் முகம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். சரசு மட்டும் கிட்டே வரவில்லை. தள்ளி நின்றே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் இரண்டு பேரையும் கட்டாயப்படுத்தி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பனி விலகி வெயில் வந்துவிட்டது. மஞ்சக்குட்டை தாண்டுகிறபோதுதான் எனக்குத் தலையில் யாரோ தட்டியது போல இருந்தது. இத்தனை பாடுபட்டு எடுத்துவிட்டு, இப்போது போய் மறுபடியும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, துடைக்காமல், வெயிலில் காயவிடப் போகிறோம். அப்புறம்தான் விளக்கு.

"சார், அந்தச் சுனைத் தண்ணி எப்பிடீங்க? உப்பு இருக்குமா?" என்று காதோடு கேட்டேன்.

"தெரியாதுங்கண்ணா."

"ஒரு டம்ளர் வாங்கிக் காயவெச்சுப் பாத்துருக்கலாமே!"

"நோம்பி அன்னிக்கு மட்டும்தான் அந்தச் சுனையத் தெறப்பாங்களாம். சாமித் தண்ணிய முன்னாடியே கேட்டு வாங்கி எப்பிடீங்கண்ணா டெஸ்ட் பண்றது?" என்றார். எதையும் தடவிப் பார்க்காமல் தொடாத மனிதர் சொன்ன பதில் இது.

ஊர் மொத்தமும் கோயிலுக்கு முன்னால் நின்றது. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரம் சாரின் திருப்பிப் போட்ட சட்டையைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் பானெட்டை ஒரு பார்வை பார்த்தார், புருவம் உயர்ந்தது. பூசாரி சுனையிலிருந்து மொண்டுவந்த செப்புச் சொம்பைச் சரசுவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவள் பொன்னையனைப் பார்க்கவில்லை, பூசாரியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் எங்களைத் தேடி, சுந்தரம் சாரைப் பார்த்தாள். "ஊத்தட்டுமுங்களா?" என்று அவள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

"ஊத்துங்க அம்மணி" என்றார் சார், சத்தமாகவே.

ஊற்றினாள். தண்ணீர் பானெட்டில் விரிந்து, திரண்டு, சொட்டுச் சொட்டாக நின்றது. நேர் வெயில். என் கை என்னை அறியாமல் தோளில் கிடந்த துணிக்குப் போனது. சுந்தரம் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணா" என்றார். அவருடைய கை ஜில்லென்று இருந்தது. அவரும் என்னைப் போலத்தான் பயந்துகொண்டிருந்தார் என்று அப்போது தெரிந்தது.

ஊர்க்காரர்களுக்கு அது சும்மா காத்திருக்கிற நேரம். வெற்றிலை போட்டார்கள், பேசினார்கள். நானும் சாரும் சரசுவும் மட்டும் அந்தச் சொட்டுகளை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டு சுருங்கும்போது ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். என் கண் அதற்குப் பழகிய கண். ஒரு சொட்டு சுருங்கியது. இன்னொன்று சுருங்கியது. உளுந்தளவு, கடுகளவு, அப்புறம் ஒன்றுமில்லை. ஓரமும் இல்லை, கோடும் இல்லை. தண்ணீர் வந்ததற்கு ஒரு அடையாளம்கூட வைக்காமல் போய்விட்டது. எத்தனையோ ஊர்த் தண்ணீரை வண்டிகளின் மேல் படித்தவன் நான். அப்படி ஒரு தண்ணீரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இதைத் தெரிந்துதான் துடைக்காதே என்று வைத்தார்களா, தெரியாமலேயே வைத்தார்களா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சாமி விஷயத்தில் நான் அரைகுறை ஆள். அன்றைக்கு என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பெரியவர் விளக்கைக் கொண்டுவந்து பானெட்டுக்கு முன்னால் பிடித்தார். கரும்பச்சைக்கு உள்ளே, ஆழத்தில், ஒற்றைச் சுடர் நின்றது. ஆடியது, ஆனால் சிதறவில்லை.

"ஏத்துங்கப்பா சாமிய" என்றார் பெரியவர். பம்பை முழங்கியது. அவருடைய மனைவி பெண்கள் வரிசையிலிருந்து இறங்கிவந்து சரசுவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் ஏன் தாயி அங்கயே நிக்கற? மாவெளக்கு யாரு எடுக்கறது? வா இங்க."

போவதற்கு முன்னால் சரசு திரும்பி, பானெட்டின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தாள். முழு உள்ளங்கையும் பதிய, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பாலிஷ் போட்ட வண்டியில் யாராவது விரல் வைத்தாலே எரிந்து விழுகிறவர்கள் நாங்கள். எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் பச்சையில் அச்சாக இருந்தன. அவள் வரிசைக்குள் போய்விட்டாள். சாமி ஏறியது. ஜீப் நகர்ந்தது. வெயிலில் அந்தக் கைத்தடம் எங்களைக் கடந்து போனபோது துணி என் தோளில்தான் இருந்தது. சுந்தரம் சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் துடைக்கவில்லை.